அரைத் தட்டு

கார்த்திகை ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, அம்பத்தூரில் எங்கள் பால்கனிக் கம்பி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் காயாத சட்டைகள் வீட்டுக்குள் கொடியில் தொங்க, அந்த ஈர வாடைக்கு நடுவே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி மணியடித்தது. எங்கள் பழைய கம்பெனி ஆட்களின் குழுவில் தயாளன் தான் பாடிய பாட்டை அனுப்பியிருந்தான்.

கேட்டேன். நான்கு நிமிடம் எட்டு விநாடி. பல்லவியில் இரண்டு இடத்தில் தாளம் போனது. முதல் சரணத்தில் மூன்று இடம். இரண்டாவது சரணத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பதினான்கு பேர் கைதட்டியிருந்தார்கள். 'சூப்பர்', 'அருமை', 'தேன்'. பாட்டு வந்த அதே நிமிடத்தில் ஒருவர் 'தெய்வீகம்' என்று எழுதியிருந்தார். நான்கு நிமிடப் பாட்டை ஒரு நிமிடத்துக்குள் எப்படிக் கேட்டார் என்று அவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. என் விரல் எழுதுவதற்குத்தான் போனது. போன விரல் என்ன நினைத்ததோ, மஞ்சள் நிறக் கைதட்டல் ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. என்னுடையது பதினைந்தாவது.

அது பொய்க் கைதட்டல். முப்பத்தோரு வருடம் பொய்யாக ஒரு 'சரி' முத்திரை குத்தாமல் சம்பளம் வாங்கியவன் நான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே வேலை எளிது. அளவுக்கட்டை துளைக்குள் போனால் சரி, போகாவிட்டால் தள்ளுபடி. இரண்டுக்கும் நடுவில் 'அருமை' என்று ஒரு பெட்டி கிடையாது. இருந்திருந்தால் பாதி சென்னைக்குக் குழாயில் தண்ணீர் ஒழுகியிருக்கும்.

ஈரச் சட்டை வாடை என்றால் எனக்குக் கம்பெனி பஸ்தான். மழைக்காலத்தில் ஐம்பது காக்கிச் சட்டைகள் ஜன்னல் சாத்திய ஒரு பஸ்ஸுக்குள் ஆவி விடும். அதோடு மிஷின்களில் ஊற்றும் கட்டிங் ஆயில், டீசல், யாரோ ஒருவருடைய டப்பாவில் இருந்து எலுமிச்சைச் சாதம். பஸ் நசரத்பேட்டையில் கிளம்பும். நான் பூந்தமல்லியில் ஏறுவேன். நான் ஏறும்போது ஏகாம்பரம் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே பாட ஆரம்பித்திருப்பான்.

ஏகாம்பரம் லேத் ஓட்டுபவன். அவனுடைய அப்பா நசரத்பேட்டையில் பிறத்தியார் வயலில் வேலை செய்தவர். அந்த வயல்களில் இப்போது லாரிகள் நிற்கின்றன. எங்கே பாட்டுக் கற்றான் என்று கேட்டால், "கத்துக்கினு யாரு பாடுவா? வாய் கீது, பாடறேன்" என்பான். குரல் அப்படி. மெதுவாகப் போகிற பழைய பாட்டுகளை எடுப்பான். டிரைவரே ஹாரன் அடிக்க யோசிப்பார். கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன். சாமான் எண்ணி எண்ணி வந்த வியாதி. படியேறினாலும் எண்ணுவேன், பாட்டுக் கேட்டாலும் எண்ணுவேன். அதனால்தான் எனக்கு 'கணக்கு' என்று பேர் வைத்தான். கடைசியில் சம்பளச் சீட்டில் மட்டும்தான் என் சொந்தப் பேர் இருந்தது.

ஒருநாள், வானகரம் தாண்டும்போது, "ஏகாம்பரம், சரணத்துல தாளம் பின்னால விழுது" என்று என் சீட்டிலிருந்தே சொல்லிவிட்டேன். சொன்னது உண்மை. பஸ் முழுக்கச் சிரித்தது. மறுநாள் அவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டில்லாத கம்பெனி பஸ் எவ்வளவு கொடியது என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இன்ஜின் சத்தம் கேட்கிறது, பக்கத்து சீட்டுக்காரனுடைய மாமியார் பிரச்சினை கேட்கிறது. நான்காவது நாள் நானே எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சொன்னது கரீட்டுதான், கணக்கு" என்றான், கண்ணைத் திறக்காமல். "ஆனா ஊருக்கே கேக்கற மாதிரி இன்னாத்துக்கு சொல்றே? எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லேன்."

அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்றால் எப்படி? என் மடியில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதன் மூடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவன் பின்னால் விழுந்தால் மூடியில் இரண்டு தட்டு. உடனே பிடித்துக்கொள்வான். நான் ரசித்துத் தாளம் போடுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் என் விரல்களுக்கு வாசிக்கும் யோகம் இருப்பதாகக்கூடச் சொன்னார். நான் மறுக்கவில்லை. மூடியின் நடுவில் லேசாக ஒரு பள்ளம் விழுந்தது. அந்த டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, உள்ளே கடுகு.

பிறகு ஆளுக்கொரு இருசக்கர வண்டி வந்தது. பஸ்ஸில் ஆள் குறைந்தது, பஸ்ஸை நிறுத்தினார்கள், கம்பெனியும் இடம் மாறியது. எல்லாரும் ஓய்வு பெற்று ஆளுக்கொரு திசையில் மனை வாங்கிக் குடியேறினோம். ஏகாம்பரம் வேப்பம்பட்டுக்குப் போனான். கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த தயாளன்தான் எங்களில் சின்னவன். அவன் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக எல்லாருடைய நம்பரையும் தேடிப் பிடித்துக் கைப்பேசியில் குழு ஆரம்பித்தான். அறுபத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை பாட்டு. இந்த வருடம் ஐப்பசியில் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம் எடுத்து எல்லாரும் கூடுவது, வாத்தியக்காரர்களை வரவழைப்பது, குழுவில் நன்றாகப் பாடுகிற மூன்று பேர் மேடையில் பாடுவது என்று முடிவாயிற்று.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஏகாம்பரம் போன் செய்தான். மகன் புதிதாகக் காதுக்குள் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறான், கம்பி இல்லாதது, பார்க்க முந்திரிக்கொட்டை மாதிரி இருக்கும். காதில் வாத்திய இசை கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே பாடினால் கைப்பேசி இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும். "நாளைக்கு ஒண்ணு போடப் போறேன், கணக்கு. கேட்டுட்டு சொல்லு" என்றான். போனை வைப்பதற்கு முன், "பஸ்ஸுல நின்னுகினே பாடிட்டேன். மேடைன்னு ஒரு தபா ஏறிடணும்பா" என்றான்.

கேட்டுவிட்டுச் சொல்லச் சொன்னது அவன். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். எங்கே சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் பாட்டு வந்தது. அதே குரல், கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் முதல் அடியிலிருந்தே அரைத் தட்டு பின்னால். மூன்று முறை கேட்டேன். தாளில் கோடு போட்டு எண்ணினேன். கீழே ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, வழக்கம் போலக் கைதட்டல் வரிசை. மேடையில் போய் இப்படி நின்றால் என்ன ஆவது என்ற கவலையில் எழுதினேன்: 'நல்ல குரல். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு அரைத் தட்டு பின்னால் விழுகிறது. இருபத்திரண்டு இடங்கள் எண்ணினேன். வயது காரணமாக இருக்கலாம்.'

கடைசி வாக்கியத்தை ஆறுதலுக்காகத்தான் சேர்த்தேன். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பத்து நிமிடத்தில் பாட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். அந்த இடத்தில் 'நன்றி சார்' என்று இரண்டு வார்த்தை வந்தது. எத்தனையோ வருடப் பழக்கத்தில் ஏகாம்பரம் என்னை சார் என்று அழைத்ததில்லை. அதைப் படித்ததும் எனக்கு யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. மாலையில் தயாளன் கூப்பிட்டான். மேடைக்குத் தன் பேர் வேண்டாம் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டானாம். "இன்னாண்ணே நீங்க, எல்லாரும் போடற மாதிரி ஒரு கைதட்டு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளவு தவறிய சாமானை அப்படியே அனுப்பச் சொல்கிற ஆள் அவன், ஸ்டோர்ஸ்காரன் வேறு எப்படிப் பேசுவான். ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நான் சொன்னது சரி என்று நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று ஒரு பிடிவாதம். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிற மருமகளிடமும் அதே மாதிரி முந்திரிக்கொட்டை ஒன்று இருந்தது. வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அதே பாட்டின் இசையைப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சரியாகக் கைதட்டிப் பதிவு செய்தேன். இதோ பார், தாளம் என்றால் இப்படி என்று ஏகாம்பரத்துக்கு அனுப்புவதாகத் திட்டம். போட்டுக் கேட்டேன். பதினாறு தட்டும் அரைத் தட்டு பின்னால்.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. நான்காவது முறையும் பதினாறுக்குப் பதினாறு பின்னால். வயது காரணமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமை. மருமகள் கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். "எவ்ளோ நேரமா மாமா தட்டிட்டிருக்கீங்க? அது புளூடூத். இசை காதுக்கு வர்றதே லேட்டாத்தான் வரும். வயர் வெச்சது போட்டுப் பாருங்க." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வயர் உள்ளதைப் போட்டுப் பார்த்தேன். பதினாறும் அதனதன் இடத்தில்.

அதாவது ஏகாம்பரம் தவறவே இல்லை. அவன் காதுக்கு எது எப்போது வந்ததோ அதற்குச் சரியாகப் பாடியிருக்கிறான். இதில் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல் ஒன்று உண்டு. ஒரு லேத்திலிருந்து வரும் சாமான் பலவிதமாகத் தவறினால் ஆளைப் பார், எல்லாம் ஒரே அளவில் தவறினால் ஆளை விடு, மிஷினைப் பார் என்பதுதான் பரிசோதனைப் பிரிவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. புதிதாக வந்தவர்களுக்கு அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு இடம் எண்ணினேனே, இருபத்திரண்டும் ஒரே அளவு என்று ஏன் பார்க்கவில்லை? எண்ணுவதில் இருந்த சந்தோஷம் பார்ப்பதில் இல்லை.

வயர் உள்ள காதுக்கருவி ஒன்று வாங்கினேன். இப்போது வரும் போன்களில் அதைச் செருகும் ஓட்டையை அடைத்துவிட்டார்களாமே, அதற்கு இணைப்பான் ஒன்று தனியாக. கால் கிலோ மைசூர்பாக். அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு எட்டாவது நிறுத்தம். கேட்டைத் திறந்த ஏகாம்பரம், "வாங்க சார்" என்றான். அவன் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புளூடூத் விஷயத்தை முழுவதும் சொன்னேன், மிஷின் விஷயத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"செரி. இங்க ஊட்டாண்ட வந்து என் ஒருத்தனுக்கு சொல்றீங்க. அங்க அறுவத்து மூணு பேரு படிச்சானுங்களே?"

நியாயம்தான். அன்றிரவே குழுவில் எழுதினேன். ஏகாம்பரம் என்ற பேரில் ஆரம்பித்து, அவருடைய குரல், நாங்கள் பழகிய வருடங்கள், என் கணிப்பில் நேர்ந்த தவறு, கருவியின் தாமதம் எல்லாவற்றையும் ஐந்து பத்தியில் விளக்கினேன். என்ன நடந்தது தெரியுமா? முதலில் இரண்டு பேர் 'சூப்பர்' என்றார்கள். மூன்றாவது ஆள் பேரையும் நீளத்தையும் பார்த்துவிட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அதைப் பார்த்து அடுத்தடுத்து ஆறு பேர் ஆழ்ந்த இரங்கல். ஒருவர் எரியும் விளக்குப் படம். உடலை எடுப்பது எத்தனை மணிக்கு என்று ஒருவர். நான் பதறி, இல்லை இல்லை என்று எழுதி முடிப்பதற்குள் ஏகாம்பரமே எழுதிவிட்டான்: 'நான் கீறேன்பா.' அதற்கு இருபத்தாறு கைதட்டல்.

என் விளக்கத்தை முழுவதும் படித்தவர் ஒருவரும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். மேடைக்கு மூன்று பேரும் முடிவாகிவிட்டார்கள். மூன்றாவது பேர் தயாளன்.

ஐப்பசியில் கூடினோம். ஏகாம்பரம் வந்தான். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தான். முதல் இரண்டு பேர் பாடினார்கள். தயாளன் மேடையேறி, பளபளக்கும் சட்டையில், ஏகாம்பரம் பஸ்ஸில் பாடுகிற பாட்டு ஒன்றையே எடுத்தான். சரணத்தில் தபேலாக்காரர் இவனுக்காக நின்று நின்று போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு, எண்ணக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடியில் இரண்டு தட்டு விழுந்தது.

திரும்பினேன். ஏகாம்பரம் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் காதுப்பக்கம் லேசாகச் சாய்ந்து, "இன்னா கணக்கு, வயசு காரணமா இருக்குமோ?" என்றான்.

சாப்பாட்டுப் பந்தியில், வயர் போட்டு ஒரு பாட்டு அனுப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவன் அப்பளத்தை உடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை. நான் வாங்கிக்கொடுத்த கருவி உறை பிரிக்காமல் சாவி மாட்டும் ஆணியில் தொங்குவதாகக் கூட வந்திருந்த அவன் மனைவி சொன்னாள். அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. வேப்பம்பட்டிலிருந்து பாட்டு வரவில்லை. பஸ் போனது, கம்பெனி போனது, அவற்றுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை. ஒருவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வதற்கு ஒரு மூடி இருந்தது. அறுபத்து மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற இந்தப் பொருளில் அதற்குப் பொத்தான் இல்லை. இருக்கிற ஒரே பொத்தானை இன்று காலை நானும் அழுத்திவிட்டேன்.

வயர் உள்ள காதுக்கருவி இருநூற்று இருபது. இணைப்பான் நூற்று எண்பது. மைசூர்பாக் நூற்று அறுபது. ரயில், போக வர, இருபது. மண்டபத்துக்குக் கட்டிய பணத்தை இதில் சேர்க்கவில்லை, சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆக, அரைத் தட்டுக்கு மொத்தம் ஐந்நூற்று எண்பது ரூபாய்.