வாசலுக்கு வந்த பட்டும் கொல்லைக்குப் போன கருவாடும்

கம்பத்துக் கடைவீதியில் அந்தப் பெரிய கடையைத் தெரியாத ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. ஜவுளி, பலசரக்கு, இரும்பு, விளக்கு, மலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி, எல்லாம் ஒரே கூரைக்குள். என் அப்பன் பிறக்கும் முன்னேயே கட்டினது. அதில் மூட்டை தூக்கத்தான் நான் நுழைந்தேன். இருபது வருசம் கழித்து அதையே விலைக்கு வாங்கினேன். மூணாங் கிளாசோடு நின்றவன் வாங்கினேன். படித்தவன் ஒருத்தனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சாவி கைக்கு வந்த அன்று உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினேன். குமட்டிக்கொண்டு வந்தது. இருபது வருசமாக நடந்த இடம்தான். ஆனால் முதுகில் மூட்டை இருக்கிறவனுக்குத் தன் கால் வைக்கிற இடம் மட்டும்தான் தெரியும். நிமிர்ந்து பார்த்தால், தூண்களில் ஆள் உயரத்துக்கு வெற்றிலை எச்சில், மேலுக்கு மேல் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஜவுளி விரிக்கிற பலகை மேடையைப் பெயர்த்தோம். அடியில் எலிக்குஞ்சுகள், உருகி இறுகின வெல்லம், அதில் ஒட்டிச் செத்த கரப்பான்கள். தச்சாசாரி மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். நான் நின்று அள்ளினேன். இந்தக் கையால்தான்.

அதைவிட அருவருப்பு அந்தக் கடையின் அமைப்பு. வாசலில் நுழைந்ததும் கருவாட்டுக் கூடைகள். எஸ்டேட்டு ஆட்கள் வாரம் தவறாமல் வாங்குகிற சரக்கு, அதை விட்டால் பாதி வியாபாரம் போய்விடும். அதை அடுத்து புகையிலை, பெருங்காயம், புளி. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப்பக்கம், மேற்கே மலையைப் பார்த்த ஜன்னல்களுக்குக் கீழே, இருட்டில் ஜவுளி.

மகளைக் கட்டின மாப்பிள்ளை மதுரையில் படித்தவர். அவர் கேட்டார்:

"ஏன் மாமா, ஒலகத்துல எவனாச்சும் வாசல்ல கருவாட்டையும் கொல்லையில பட்டையும் வப்பானா? தொரைசாணி வந்தா மூக்கப் பொத்திக்கிட்டுல்ல திரும்பிப் போவாக?"

யோசனை அவருடையது. நடுச்சுவரை இடி, வாசலில் நின்றால் மொத்தக் கடையும் ஒரே பார்வையில் தெரியணும் என்று சொன்னது நான். எடை போடுகிற பெரியவர் மட்டும் முனகினார்.

"பழைய மொதலாளி ஏதோ காரணமாத்தான் வச்சிருப்பாக."

"என்ன காரணம்?"

"அது தெரியலயே."

"தெரியலன்னா தராசப் பாரும்."

மாசி, பங்குனி ரெண்டு மாசமும் வேலை நடந்தது. பர்மாத் தேக்கில் கவுண்டர். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி அலமாரி. பையன்கள் சுலபமாகத் துணி எடுக்க அதன் முதுகுப் பக்கத்தைத் திறந்தே விடச் சொன்னேன், அதுவும் என் மூளைதான். கருவாடு, பெருங்காயம் எல்லாம் கடைசிக்கு, மேற்கு ஜன்னலுக்குக் கீழே போயின. சித்திரையில் திறந்தோம். எதுவும் வாங்காமல் வெறுமனே பார்க்க வந்தவர்களே ஆயிரம் பேர் இருக்கும்.

வைகாசியில் மார்க்கையன்கோட்டையிலிருந்து நிலம் நீச்சுள்ள ஒரு சம்சாரி வீட்டார் வந்தார்கள். பெண்ணுக்குக் கூறைப்பட்டு முதல் மாமன் வேட்டி வரைக்கும் முழுக் கல்யாணத்துக்கும் எடுத்தார்கள். "அலமாரியிலயே இருக்கட்டும், ஆனி பொறந்து நல்ல நாள் பாத்து வண்டி அனுப்புறோம்" என்றார்கள். வண்டி வந்தது, மூட்டை போனது.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் அதே வண்டி, அதே மூட்டையோடு திரும்ப வந்து நின்றது. பெண்ணின் தாயும் அவருடைய நாத்தனாரும் இறங்கினார்கள்.

"மொதலாளி, நாங்க பட்டு எடுத்தமா, நெத்திலி எடுத்தமா?" என்றது நாத்தனார், வீதியே கேட்கும்படி.

"வண்டியில முந்தி என்னத்த ஏத்துனீகளோ" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"ஆமாமா, எங்க காளைக ரெண்டும் கருவாடுதான் திங்கும்."

தெருவில் சிரித்தார்கள். பெண்ணின் தாய் சிரிக்கவில்லை. சேலையைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். கடையிலேயே கிடக்கிறவன் மூக்கு செத்துத்தான் போயிருக்கும். ஆனாலும் அந்த மடிப்புக்குள்ளிருந்து வந்த வாடை, செத்த மீனும் பெருங்காயமும் புழுங்கின வாடை, தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"நாங்களும் கருவாடு திங்கிறவகதான்யா" என்றார் அந்தம்மா. "வெளக்கு முன்னால விரிச்சோம். எம்மக எந்திரிச்சு ஓடி வாந்தி எடுத்துட்டா. இதக் கட்டிக்கிட்டு மணையில ஒக்கார மாட்டேங்கிறா. நா என்ன செய்யட்டும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது. தோளில் கிடந்த துண்டைக் கிளப்பி அந்தம்மா முகத்திலேயே அடித்தது. திரும்பிப் பார்த்தேன். மேற்கு ஜன்னல், அதன் கீழே கருவாடு, அங்கிருந்து வாசல் வரை தடுக்க ஒரு சுவர் இல்லை. ஆனி ஆடியில் மலையிறங்கி வருகிற காற்று இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பழைய முதலாளி அந்தக் காற்றை முதலில் ஜவுளிக்குக் கொடுத்து, கருவாட்டு வாடையைத் தெருவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். நான் அந்த வாடையை அப்படியே, முதுகு திறந்த அலமாரி வழியாக, பட்டில் ஏற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை ஓடி வந்தார். "மாமா, கொஞ்சம் அத்தர் தெளிச்சுக் குடுத்துரலாமா?"

"கருவாட்டுக்கு மாலை போடுறீகளாக்கும்" என்றது நாத்தனார்.

வேறு சேலை தரலாமென்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் அதே வாடை. கடைசியில் அவர்கள் வண்டியிலேயே ஏறி, சின்னமனூருக்குப் போனேன். என்னோடு போட்டி போடுகிறவர் கடை. அவர் பாயில் நான் வாடிக்கைக்காரனாக உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, ஒங்க கடையில இல்லாத பட்டா?" என்று அவர் பல்லைக் காட்டினார்.

பெண்ணின் தாய்தான் சொன்னார்: "நெறம் அமையல."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவன். ஆனால் சேலையைக் கையில் வாங்கியதும் முந்தியிலிருந்து ஆரம்பித்து, மடிப்பு மடிப்பாக, கடைசிவரை மூக்கருகே வைத்து மோந்தார். கடைக்காரர் முகம் சுருங்கியது. பிறகுதான் அந்தம்மா தலையை ஆட்டினார். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. பெண் அந்தச் சேலையில்தான் மணையில் உட்கார்ந்தது.

பத்து நாளில் நடுச்சுவரை எழுப்பினேன், கருவாட்டை வாசலுக்கே கொண்டுவந்தேன், வாடை பிடித்த துணியை எல்லாம் துவைத்து மலை எஸ்டேட்டு ஆட்களுக்கு மலிவு விலையில் தள்ளினேன். கடை பிழைத்தது, என்னால்தான் பிழைத்தது. ஆனால் நாத்தனார் வாயை எந்தச் சுவர் தடுக்கும்? ஆவணிக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து என் கடைக்கு வருகிற பெண்கள் துணியைக் கண்ணால் பார்க்கிறதில்லை. முதலில் மூக்கு. நான் எதிரில் நிற்கிறேன் என்ற கூச்சம்கூடக் கிடையாது. போன வாரம் ஒருத்தி ஒரு முழம் ரவிக்கைத் துணியை முகத்தில் வைத்து ரெண்டு தரம் இழுத்து மோந்தாள். "ம், சரி, கிழிச்சுக் குடுங்க" என்றாள். அந்தச் 'சரி' வரும்வரை காத்து நின்று, கிழித்துக் கொடுத்தேன்.