சந்திரா டீச்சர் காப்பாற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர்

சந்திரா டீச்சர் இன்று காலை போய்விட்டார். ஜொகூர் பாரு மருத்துவமனையில்... சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன.

மாசாயில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியர். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பிடிவாதமாகச் செய்துவந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பலருக்குத் தெரிந்திருக்காது.

அவருடைய மகன் கதிர், வேலைக்குச் சேர்ந்ததும் ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பாகமாக வாங்கி, தன் அறையிலேயே ஒரு டெஸ்க்டாப்பை அசெம்பிள் செய்தான். அதை முடித்த கொஞ்ச நாளில், ஷிப்டுக்குப் போகும் வழியில், பாசிர் கூடாங் சாலையில்... மோட்டார் சைக்கிளும் லாரியும்.

கம்ப்யூட்டர் மட்டும் மிஞ்சியது.

டீச்சர் அதில் எதையும் பார்க்கமாட்டார். காலையில் ஆன் செய்து கதவைச் சாத்துவார், மாலையில் ஆஃப் செய்வார். அவ்வளவுதான்.

"அவன் இருந்தப்பவும் கதவு சாத்தித்தான் சார் இருக்கும். இந்தப் பெட்டிக்குள்ள சுத்துற காத்தாடிச் சத்தம் மட்டுந்தான் வெளிய கேட்கும்" என்றார் ஒருமுறை.

முதல் தடவை பழுதானபோது எனக்கு போன் வந்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருந்தது, அந்த நம்பிக்கை.

"சார், கதிரோடது ரோசாக் ஆயிடுச்சு. திரையில ஒண்ணுமே வரல. பீப் பீப்னு கத்துது."

"டீச்சர், காலையில சபைகூடல்ல பேர் கூப்பிடுவோம்ல? ஆன் பண்ணதும் உள்ள இருக்கிற மதர்போர்டும் அப்படித்தான், ஒவ்வொண்ணா கூப்பிட்டுப் பார்க்கும். எதுவோ ஒண்ணு 'உள்ளேன்' சொல்லல. அதான் கத்துது."

"யாரு சொல்லல?"

"மெமரியாத்தான் இருக்கும்."

"பிடிச்சு வெளிய நிக்க வைங்க சார்!"

வெளியேதான் எடுத்தேன். அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன், வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வேலையை டீச்சரே பழகிக்கொண்டார்.

அடுத்த தடவை, ஆன் செய்த அரை மணி நேரத்தில் தானாக அணைய ஆரம்பித்தது. சூடு. பிராசசருக்கு மேல் தடவிய பசை காய்ந்து பொரிந்து போயிருந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தரையில் வைத்தேன். அதன் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை... பசை ஒட்டிய கையோடு கதிர் பிடித்திருக்க வேண்டும்.

என் கையில் துணி இருந்தது.

"சார்!" ஒரு வகுப்பையே உட்கார வைக்கும் குரல். "அங்க தொடாதீங்க."

தூசி தட்டி, பழைய பசையைச் சுரண்டி, புதியதை வைத்தேன். மூடியை டீச்சரே வாங்கி, ஓரத்தைப் பிடித்து மாட்டினார்.

புதியது வாங்கிக்கொள்ளச் சொல்லியும் பார்த்தேன். "இதவிட நல்லாவே ஓடும் லா டீச்சர்."

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் வயசாயிடுச்சு. மாத்திடலாமா சார்?"

பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மாதம் டீச்சரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் வாணி லீவு போட்டுக் கூடவே இருந்தார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, "அம்மா தினமும் அதை ஆன் பண்ணச் சொல்றாங்க அங்கிள்" என்றார்.

சில நாள் ஓடியது. பிறகு ஒரு காலை, பட்டனை அழுத்தினால் காத்தாடி ஒரு துடி துடித்து நின்றது. பவர் சப்ளையை என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மெமரியும் அப்படியே. டார்ச் அடித்து போர்டைப் பார்த்தபோது கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

மருத்துவமனைக்குப் போய் மெதுவாகச் சொன்னேன். "போர்டு போயிடுச்சு டீச்சர். ஆனா ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கு. கதிர் வச்சிருந்ததெல்லாம் எடுத்துத் தந்துடறேன்."

"அதெல்லாம் எதுக்கு சார்? அவன் எனக்கா எழுதி வச்சிருக்கான்? எனக்கு அது ஓடணும்."

ஜொகூர் பாருவில் ஏறி இறங்கிய கடைகளில் அந்த போர்டு இல்லை. கதிரின் பிராசசரை ஏற்கும் வேறொரு பழைய போர்டு செனாயில் ஒருவரிடம் கிடைத்தது. நேற்று அதைப் பொருத்தினேன்.

ஓடியது.

உடனே வாணிக்கு போன் செய்தேன். அவர் அம்மாவின் காதில் வைத்தார், நான் என் போனைப் பெட்டியின் அருகில் பிடித்தேன்.

டீச்சர் நன்றாகக் கேட்கட்டும் என்று அப்படியே பிடித்திருந்தேன்.

"சார்... இது கதிரோட சத்தம் இல்ல."

காத்தாடி அவன் வாங்கியதுதான். ஆனால் வேகத்தை முடிவு செய்வது போர்டு, இந்த போர்டு கொஞ்சம் வேகமாகச் சுற்ற விடுகிறது. இதற்கும் ஓர் உதாரணம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"வேகத்தைக் குறைக்கலாம் டீச்சர். சரிபண்ணிடலாம்."

"வேணாம் சார். உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன். ஆஃப் பண்ணிடுங்க."

ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனம் கேட்கவில்லை.

இன்று காலை மறுபடியும் போனேன். செட்டிங்கில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன், கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்று கேட்பேன், திரும்ப உள்ளே போய் இன்னும் கொஞ்சம் குறைப்பேன்... அந்த ஹாலில் தேநீர் குடித்தபோதெல்லாம் என் காதில் விழுந்த சத்தம்தானே.

ஓர் இடத்தில், இதுதான் என்று தோன்றியது. பதிவு செய்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். வாணியின் அழைப்பு வந்தது.

"அம்மா போயிட்டாங்க அங்கிள்."

கதவுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டே இருந்தது. சரியான சத்தமா என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நாளை காலை மாசாய் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய மாணவர்கள் முடிந்தால் வாருங்கள்.

ஆஃப் பண்ணிட்டேன், டீச்சர்.