சாரல் மாதத்து வருமானம்

வேலம்மாள் அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, நான் அக்காவின் விண்ணப்பத்தைத்தான் மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அவரிடம் மங்குஸ்தான் வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சாரல் விழும் மூன்று மாதம் பழக்கடை. மீதி ஒன்பது மாதம் பீடி சுற்றுவார். இட்லி மாவு அரைத்து விற்கலாமென்று ஒரு பெரிய கிரைண்டர் வாங்கி, கரண்டு பில்லுக்குப் பயந்து சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அப்போதுதான் எங்கள் சமுதாயக்கூடத்து மாடியில் சோலார் தகடுகள் வந்தன. வருமானம் குறைந்த வீடுகளுக்கு அந்த மின்சாரத்தில் பங்கு உண்டு. பங்கின் அளவு பில்லில் கழியும். தெருச் சங்கத்தின் செயலாளர் என்பதால் விண்ணப்பங்களை நான் நிரப்பினேன். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்தது அக்கா.

விண்ணப்பத்தை விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆடி மாதத்தில் வந்தார். கடையில் நல்ல கூட்டம். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டார். அக்கா பெருமையாகச் சொல்லிவிட்டார். வந்தவர் அதைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு போய்விட்டார். விண்ணப்பம் தள்ளுபடி.

"கொஞ்சம் குறைச்சுச் சொன்னா என்னக்கா?" என்று சத்தம் போட்டேன்.

"ஏட்டி, சாரல் அடிக்கையில வந்து கேட்டா சாரலத்தான சொல்ல முடியும்? பொய் சொல்லச் சொல்லுதியா?"

இருவரும் தென்காசி அலுவலகத்துக்குப் போனோம். அக்கா பன்னிரண்டு மாத வருமானத்தையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வந்திருந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரே கட்டம்தாம்மா இருக்கு," என்றார் அதிகாரி.

"அப்போ அந்தக் கம்ப்யூட்டரப் பங்குனி மாசம் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க சார்."

மறுவிசாரணை என்றார்கள். ஆள் வந்தது அடுத்த ஆடியில். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா அவருக்கு ஒரு பழத்தைப் பிளந்து கொடுத்து, போன வருஷம் சொன்னதையே சொன்னார். மறுபடியும் தள்ளுபடி. அக்கா கூட்டி வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பில் குறைந்துவிட்டது. அக்கா கடைசிவரை பீடிதான் சுற்றினார்.

காரியம் முடிந்த மறுநாள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். "சித்தி, அம்மா பேர அடிச்சிட்டு என் பேரப் போட்டுருங்க. கடையையும் பாத்துக்கிடுதேன். கிரைண்டர ஓட்டணும்லா," என்றாள். போட்டு அனுப்பிவிட்டேன்.

இதோ ஆடி பிறக்கப் போகிறது, ஆளும் வந்துவிடுவார். குறைத்துச் சொல் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது பொய் சொல்லாத அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அதை வைத்துக் கரண்டு பில் கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.