பௌசியா கடை போர்டும் ஒரு மேல் கமாவும்

வீரசோழன் ஊரில் சுடிதாரோ ரவிக்கையோ தைக்க வேண்டுமென்றால் பெண்கள் பௌசியா வீட்டுக்குத்தான் போவார்கள். வருஷக்கணக்காக வீட்டு நடையில் மிஷின் போட்டுத் தைத்தவர், போன மாதம் பஜாரில் கடை பிடித்தார். அலைந்து பிடித்தது அவர். தைக்கப்போவதும் அவர். போர்டில் மட்டும் கணவர் முஸாஃபர் பெயர் வரவேண்டும். முஸாஃபர் சவூதியில் லாரி டிரைவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பஜாரில் கடை என்றால் வெளிநாட்டில் இருக்கும் ஆம்பளை பெயர்தான். உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. பழைய அநியாயம், புது பெயின்ட்.

அருப்புக்கோட்டை பிளக்ஸ் கடையில் டிசைன் போடும் தீபலட்சுமி கேட்டார்.

"என்ன பேருக்கா போட?"

பௌசியா வாயில் தன் பெயரே வந்துவிட்டது. "பௌசியா'ஸ் லேடீஸ் டெய்லர்னு இங்கிலீஷுல போடும்மா."

"எஸ்ஸுக்கு முன்னாடி மேல ஒரு கமா வரும். இல்ல, பின்னாடியா? எதுக்கும் வீட்ல கேட்டுக்கங்கக்கா. பிரிண்டு அடிச்சிட்டா மாத்த முடியாது."

அந்த வீட்டில் குடும்ப குரூப்பில் ஓகே வாங்காமல் ஒரு பாயும் வாங்கமாட்டார்கள். பௌசியா டிசைனை வாட்ஸப்பில் போட்டார். பெயர் சரியா என்று கேட்க தைரியம் வரவில்லை. "கமா சரியா?" என்று மட்டும் எழுதினார்.

குரூப்பில் எல்லோரும் கமாவைப் பிடித்துக்கொண்டார்கள். துபாய் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் கொழுந்தன் சின்ன மீரான் வாய்ஸ் அனுப்பினார்.

"மதினி, டோன்ட்டு, கான்ட்டுல வர்ற கமா அது. ஒரு எழுத்த முழுங்கிட்டோம்னு அர்த்தம். இங்க எத முழுங்கினீக? எடுத்துருங்க."

அவருடைய அக்கா, முஸாஃபரின் தங்கை ரைஹானா விடவில்லை.

"ஏலே, சரக்கு அடுக்குற வேலையப் பாரு. 'உடைய'ன்னாலும் கமா உண்டு. லேடீஸுக்கும் வேணும். ஒருத்தின்னா எஸ்ஸுக்கு முன்னாடி, நெறயப் பேருன்னா பின்னாடி."

"அப்ப கடையில கூட்டம் சேரச் சேர மதினி ஏணி போட்டு ஏறி கமாவத் தள்ளி வைக்கணுமாக்கும்?"

சண்டை நாள்கணக்கில் ஓடியது. கடைசியில் முஸாஃபர் எழுதினார்: "மொதக் கமா இருக்கட்டும். லேடீஸுக்கு வேணாம். இதோட விடுங்க." எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். யாருடைய பெயர் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடை திறப்பன்று துஆ ஓதி முடிந்ததும் போர்டை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். வீடியோ காலில் முஸாஃபர். பௌசியா போனைப் போர்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"ஏம் பேரு எங்கடி?"

"குரூப்புல எல்லாரும் பாத்துத்தான ஓகே போட்டீக, மச்சான். நீங்களுந்தான்."

"நான் கமாவத்தான பாத்தேன்!"

"கழட்டச் சொல்லவா?" பௌசியா குரல் இறங்கிவிட்டது.

ரைஹானா போனுக்குள் தலையை நீட்டினார். "கழட்டலாம்ண்ணே. புது டிசைன இன்னைக்கே குரூப்புல போட்டுருவோம்."

"அல்லா! வேணாம், வேணாம். இதே இருக்கட்டும்." பிறகு முஸாஃபர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் ஊருக்கு வந்தா எங்க உக்கார?"

"அந்த மூலையில எடம் இருக்கு, மச்சான்," என்றார் பௌசியா. "வாங்க. பட்டன் தைக்கப் பழக்கிவிடுறேன்."