தேதியக்கா

தேதி முத்திரையின் சக்கரத்தைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே, கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் வாய் திறப்பதற்குள் கேட்டுவிடுவாள்: "கடைசியா கிளாஸ்ல உக்காந்தது என்னைக்கு?" பெயர் அதற்குப் பிறகு. காரணம் எல்லாவற்றுக்கும் பிறகு. கல்லூரிக் கட்டணப் பிரிவில், படிப்பைப் பாதியில் விடுகிறவர்களுக்கான ஜன்னல் அவளுடையது. மாணவர்கள் வைத்த பெயர் தேதியக்கா. அவளுக்கும் தெரியும். "தேதியத்தைன்னு வைக்காம விட்டாங்களே" என்பாள்.

நாற்காலிக்கும் அவளுக்கும் ஆகாது. அதில் கோப்புகள்தான் குடியிருக்கின்றன. நின்றபடி தட்டச்சு செய்வாள், நின்றபடி தேநீரைப் பாதி குடித்து மறந்துவிடுவாள். ஆளில்லாத நேரத்தில் வாசலுக்குப் போய் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவாள்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் கதையை உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். அந்தப் பெண் அழுது முடித்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. நாலுக்கு மேல் வருவதெல்லாம் மறுநாள் தேதி. திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய பாதிக் கட்டணம் போயிற்று. அன்று நாற்காலியை விட்டு எழுந்தவள்தான்.

பருவத்தின் நான்காவது வாரம் முடியும் நாள்; பாதிக் கட்டணம் திரும்பக் கிடைக்கிற கடைசி நாள். மூன்றே முக்காலுக்குப் பஸ் டிரைவர் ஒருவர் சீருடையோடு வந்தார். அவள் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மக படிப்பை நிறுத்திட்டா மேடம். ஃபீஸ் பாதி திரும்ப வரும்னாங்க."

"எழுதிக் குடுத்தாச்சா?"

"எழுத என்ன இருக்கு? அவ வராமப் பத்து நாளாச்சே."

பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற தப்பு இது. "வராம இருக்கிறது வேற, விலகறது வேற அண்ணே. எழுதிக் குடுத்த நாள்தான் நாள். இன்னைக்கு நாலு மணிக்குள்ள குடுத்தா பாதி வரும். நாளைக்கு ஒண்ணும் கிடையாது."

"போகட்டும், அதான் உதவித்தொகை வந்திருக்கே."

"வந்து உக்காந்த நாளுக்குத்தான் அது அவளோடது. மிச்சம் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போயிடும். அது போனா ஃபீஸ்ல விழற பள்ளத்தை நீங்கதான் அடைக்கணும். அதுக்குத்தான் இந்தப் பாதியை விடாதீங்கங்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார். "எங்க போடணும்?"

"நீங்க போட்டாச் செல்லாது."

"அவ ஆஸ்பத்திரில அம்மாவுக்குத் துணையா இருக்கா. வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்."

"வர வேணாம். காலேஜ் மெயில்லேருந்து ஒரு வரி அனுப்பினா போதும். போனைப் போட்டு இங்க வைங்க."

அவள் விவரத்தைச் சொன்னதும், ஜன்னல் பலகையில் வைத்த கைபேசியிலிருந்து மகளின் மெல்லிய குரல் வந்தது. "இன்னைக்கே எழுதணுமாக்கா? அடுத்த வாரம் வந்துடலாம்னு இருந்தேன்."

டிரைவர் தரையைப் பார்த்தார். முத்திரைச் சக்கரத்தின் மேலிருந்த அவள் கட்டைவிரல் நின்றது.

"நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேம்மா. டாக்டர் என்ன சொன்னார்?"

"மூணு மாசம் ஆகும்னார்."

"அப்ப அடுத்த வாரம்னு யார் சொன்னது?"

"நான்தான். எழுதிட்டா திரும்ப வர முடியாதாக்கா?"

"வரலாம். அடுத்த செமஸ்டருக்குப் புதுசா எழுதிக் குடுத்தாப் போதும். அதுக்கும் என்கிட்டதான் வரணும்."

மூன்று ஐம்பது. கணினித் திரைக்கும் வாசலுக்கும் நான்கு முறை நடந்தாள். "என்ன மேடம், வந்துச்சா?" என்றார் டிரைவர். "நீங்க பஸ் ஓட்டும்போது யாராவது தோளைத் தட்டினா எப்படி இருக்கும்?" என்றாள்.

மூன்று ஐம்பத்தேழுக்கு ஒரே வரியில் வந்தது: இன்றோடு விலகிக்கொள்கிறேன். அச்செடுத்து, ஓங்கி முத்திரை குத்தி, நகலை டிரைவரிடம் நீட்டினாள். அவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் இணைப்பில் இருந்த கைபேசியை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றாள்.

நாற்காலியில் இருந்த கோப்புகளை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் வைத்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"இப்ப சொல்லும்மா. அம்மாவுக்கு என்ன?"