மூன்றும் வெள்ளை

யுத்தத்துக்கு முந்தைய மதுரை. ஒன்பது வயதில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, முக்கியமாக அத்தை மேல். அப்பாவின் தங்கையான அவள் ஆட்டத்தில் சுத்த அழுகுணி. மூன்று புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெளுக்கும்வரை தரையில் உரசி, உருட்டிப் போடுவோம். மூன்றும் வெள்ளையாக விழுந்தால் ஜெயம். அவள் ஏமாற்றுவதைப் பிடிக்கவே நான் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஏறக்குறைய எட்டுத் தடவைக்கு ஒரு தடவைதான் மூன்றும் வெள்ளை என்று தெரிந்தது. சுவரைப் பாழாக்கியதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் மேலூரிலிருந்து ஒரு வாத்தியார் அத்தையைப் பெண் பார்க்க வந்தார். போகும்போது அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை அடுக்களையில் வெகுநேரம் சிரித்தாள். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. சரி, சாமியிடம் பூக்கேட்டுப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பை இன்னோர் இலையிலும் மடித்து விளக்கின் முன் வைப்பார்கள். வீட்டுக் குழந்தை அவற்றில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம்.

எடுக்க வேண்டியவள் நான். அத்தை போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது? ஒரே தடவை என்றால் பாதிக்குப் பாதி அல்லவா?

"அப்பா, ஒரு தடவ பத்தாது. மூணு தடவயும் வெள்ள வந்தாத்தான் செல்லும்" என்றேன்.

"புள்ள சொல்றதும் சரித்தான்" என்றார் அப்பா, அவசரமாக.

அத்தை என்னை முறைத்தாள். பிறகு, "சரிண்ணே, நானே மடிச்சுக் கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமில்லை. அத்தை அதை எடுத்துப் போய், புதிதாக இரண்டு மடித்து வந்தாள். இரண்டாவதும் நந்தியாவட்டை. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அதுவும் வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன்.

"லீவுக்கு அங்க வாடி, எம்புட்டு நேரம் வேணாலும் வெளயாடலாம்" என்று அத்தை அணைத்துக்கொண்டாள். அப்படியே பல கோடைகள் மேலூரில் சந்தோஷமாகக் கழிந்தன. மாமாவும் நன்றாகவே ஏமாற்றுவார்.

ஆனால் பூக்கேட்ட மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும். துவைகல்லுக்கு அடியில், நான் எடுக்காமல் விட்ட கடைசிப் பொட்டலம் கிடந்தது. பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. சிவப்பைக்கூட வெள்ளையாக்கும் அளவுக்கா சாமிக்குச் சம்மதம்! மெய்சிலிர்த்து அத்தையிடம் ஓடினேன்.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதடி, சாமி கோவிச்சுக்கும்" என்றாள்.

அவ்வளவு பெரிய அற்புதத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.