ஏரியில் விடாத கெளுத்தி

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வெல்டிங் பட்டறை கலியபெருமாள் அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார், மாரடைப்பாம். ஊருக்குப் போகும் செந்துறை பஸ் எதிரிலேயே நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு டீக்கடைக்காரர் ஓடிவந்து கிளாசைக் கேட்டார். அது என் கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தவர்களுக்கு நான் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவரைப் போலக் கைராசி இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. நமக்கு விரால் மாட்டும், அவருக்குப் பாசி மாட்டும். ஆனால் ஏரியைக் குத்தகைக்கு எடுத்த மீனவர் சங்கம் நம்மை உள்ளே விட்டது அவர் முகத்துக்காகத்தான். இரைக்கான சிறுமீனை இந்த ஏரியிலேயே பிடிக்க வேண்டும், சங்கம் வளர்க்கும் மீனின் குஞ்சுகளைத் தூண்டிலில் கோக்கக் கூடாது, வெளித் தண்ணீரிலிருந்து எந்த மீனையும் உயிரோடு கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான் சங்கம் சொன்னது.

அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வந்ததும் ஒவ்வொருவர் இரை டப்பாவையும் திறந்து பார்ப்பார். நாம் இரைக்குப் போடும் கெண்டைக்கும் வாலடியில் கறுப்புப் புள்ளி, சங்கம் வளர்க்கும் மிருகால் குஞ்சுக்கும் அங்கேயே ஒன்று. “முதுகுத் துடுப்புக்கு அடியிலயும் புள்ளி இருக்கான்னு பாருங்க, இருந்தா கெண்டை” என்பார். கண்ணாடியை மறந்த நாளில் மீனை மூக்கருகே கொண்டுபோவார். மோந்து பார்க்கிறாரா என்று கேலி செய்வோம். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், மீன் கடிக்கிற நேரம் அதிலேயே போய்விடும்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஜவுளி எடுக்க நாள் பார்த்திருந்த சமயம். மாப்பிள்ளையின் அப்பா வேப்பந்தட்டையிலிருந்து ஆசையாக மீன்பிடிக்க வந்தார். வாளி நிறையக் கெளுத்திக் குஞ்சு, தெரிந்தவர் குட்டையில் பிடித்ததாம். அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்தார். நாட்டுக் கெளுத்திக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கும். இதற்கு உருண்டு மழுங்கியிருந்தது. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, ஏரிக்குள் போனால் மற்ற மீன்களைத் தின்றே தீர்க்கும். தூண்டிலில் கோக்க வேண்டாம் என்றார். சரி, உயிராவது பிழைக்கட்டும், புண்ணியம் என்று சம்பந்தி சிரித்துக்கொண்டே வாளியைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தார். மிச்ச இரையை நாமும் அப்படித்தானே விடுவோம். அண்ணன் வாளியைப் பிடுங்கிவிட்டார்.

“ஒரு வாளி உசுர காப்பாத்தறேன்னு ஏரியையே அழிச்சிடாதீங்க சம்பந்தி.”

அத்தனை பேர் முன்னால். சம்பந்தி வாளியைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அண்ணன் கரைக்கு அப்பால் குழி தோண்டி அந்தக் குஞ்சுகளைப் புதைத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜவுளிப் பேச்சு நின்றது. அங்கே போனை எடுக்கவில்லை, இங்கே அண்ணி அவரோடு பேசவில்லை. பெண்ணின் வாழ்க்கை ஒரு கெளுத்திக்காக நிற்பதா என்று நானும் திட்டினேன். கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டு வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறினார். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

“எல்லாரு முன்னாடியும் சொன்னது தப்புங்க. அதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா மறுபடி கொண்டாந்தாலும் அந்த மீன விட மாட்டேன்.”

காரியம் கெட்டது என்று நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தி உள்பக்கம் திரும்பி, மூன்று காபி கொண்டுவரச் சொன்னார். குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

அதன்பின் அண்ணன் கரையில் யாரையும் எல்லோர் முன்னாலும் சோதிக்கவில்லை. தோளில் கைபோட்டுக் கொஞ்ச தூரம் அழைத்துப் போவார். திரும்பி வந்ததும் அந்த ஆள் வேறு இரை தேடப் போவார். என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. தடுக்க வேண்டியதைத் தடுத்தே தீருவது, ஆனால் தனியே கூப்பிட்டுத் தடுப்பது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள நினைப்பது இதைத்தான். முன்கோபக்காரனான எனக்கு அது லேசில் வராது.

போன ஞாயிறு ஒரு புதியவர் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு வந்தார், உள்ளே எந்த ஊர் மீனோ. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தேன். கொஞ்சம் இப்படி வாங்களேன் என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவர் பதறிப்போய், யாராவது தவறிட்டாங்களா சார் என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.